எந்த ஈயம் என்று நான் கேட்கவில்லை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, என் அனுபவத்திலிருந்து உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற நர்ஸிடம் இப்படிக் கேட்பது ஆபத்தான காரியம். பார்த்த பிரசவங்களையும் வாங்கிய பாராட்டுகளையும் எழுத ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டாள். பயப்படாதீர்கள். நான் ஒரு தெருவுக்குச் செய்த கெடுதலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஊசி போடுவதும் எடை பார்ப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்த தப்பும் புரியாது. நான் திருவள்ளூரில் பிறந்தவள். அப்பா கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் எல்லாம் மடிதான். குளித்துவிட்டு, தனியே துவைத்து உயரத்தில் கொடியில் உலர்த்திய துணியைக் கட்டிக்கொண்டால்தான் அடுப்பங்கரைக்குள் போகலாம். அந்தத் துணியை வேறு யாராவது தொட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலு பெண்களில் நான் மூத்தவள். அப்பாவுக்குக் கண் பார்வை மங்கியதும் நர்ஸ் பயிற்சிக்குப் போனேன். "பிரசவம் பார்க்கிற உத்தியோகமா?" என்று உறவுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் அசைந்துகொடுக்கவில்லை. ஆனால் வீட்டில் கற்ற மடியை மட்டும் டிரங்குப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குச் சுகாதாரம் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இன்னொன்றும் இருந்தது, ஈயச் சொம்பு. ரசத்தை நாங்கள் சாத்தமுது என்போம். அதை ஈயச் சொம்பில் வைத்தால்தான் அம்மாவுக்குத் திருப்தி. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி வழிந்துவிடும் என்பதால், அதில் தண்ணீர் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் நெருப்பில் ஏற்றுவாள். ஈயம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பெருங்காய வாசனைதான் ஞாபகத்துக்கு வரும். இந்த அற்ப விஷயத்தை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் என்னைக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு துணைச் சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். அப்போதுதான் அங்கே ஒவ்வொன்றாகப் பட்டறைகள் வந்துகொண்டிருந்தன. நேற்றுவரை நாற்று நட்ட கைகள் இன்று இரும்பு தூக்கின. என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்றின் கடைசியில், ஒரே வரிசையாக எட்டு வீடுகள். எல்லாம் மண்சுவர், கீற்றுக் கூரை. வரிசைக்குக் கொஞ்ச தூரத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. அந்த வழியாகப் போனால் தொண்டை கமறும். ஊரில் அதற்கு 'ஈயக் கம்பெனி' என்று பெயர். எட்டு வீட்டு ஆண்களும் அங்கேதான் வேலை செய்தார்கள்.

மூன்றாவது வீட்டுக்காரி எஸ்தர். இருபத்திரண்டு வயது இருக்கும். அவள் புருஷன் சாலமன். அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை, பெயர் ஸ்டெல்லா. நான் அங்கே வந்தபோது ஸ்டெல்லா தவழ்ந்துகொண்டிருந்தாள். முதல் தடவை போனபோதே, பதிவேட்டை நிரப்புவதற்காகக் கேட்டேன்.

"உன் வீட்டுக்காரர் என்ன வேலை?"

"ஈயக் கம்பெனி நர்சம்மா."

பதிவேட்டில் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் கூலி என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன். ஈயம்தானே, பாத்திரத்துக்குப் பூசுகிற சமாசாரம் என்று என் மனசு முடிவுகட்டிவிட்டது. எட்டு வீட்டிலும் கூலி என்றே எழுதினேன். எட்டே நிமிஷத்தில் வேலை முடிந்தது என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு.

ஒன்றரை வயதில் ஸ்டெல்லாவுக்கு வயிற்று வலி வர ஆரம்பித்தது. மலம் சரியாகப் போகாது. சுருண்டு படுத்துக்கொண்டு அழுவாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுப்பு. நாட்டில் பாதிக் குழந்தைகளுக்கு அப்படித்தானே இருக்கிறது? பூச்சி மருந்து கொடுத்தேன், இரும்புச் சத்து மருந்து கொடுத்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் காட்டினேன். பாவம், நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அவரும் அதையேதான் எழுதினார். குழந்தை தேறவில்லை.

மருந்து பலிக்கவில்லை என்றால் நாம் யார்மேல் பழிபோடுவோம் என்று உங்களுக்குத் தெரியுமில்லையா? அம்மாக்காரி மேல்தான். ஒருநாள் எஸ்தர் வீட்டுக்குப் போனேன். சாலமனின் வேலைத் துணி வெளியே முள்வேலியில் சாம்பல் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகுமுன்தான் அதைத் துவைப்பாளாம். வீட்டுத் தரையை வாரம் ஒருமுறை சாணம் போட்டு மெழுகுவாள், மற்ற நாட்களில் பெருக்குவது இல்லையாம். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ தெரியாது. இல்லை, எங்கிருந்து வந்தது என்று இப்போது நன்றாகவே தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

"அழுக்குத் துணியை இப்படியா வேலியில போட்டு வைப்பே? உங்களுக்கெல்லாம் சுத்தம்னா என்னன்னே தெரியாதா? இப்படி இருந்தா குழந்தைக்குப் பூச்சி வராம என்ன வரும்?" என்று வாசலில் நின்றபடியே கத்தினேன். எட்டு வீடும் எட்டிப் பார்த்தது.

எஸ்தரின் முகம் சுண்டிப்போனது. 'உங்களுக்கெல்லாம்' என்று சொன்னேனே, அந்த வார்த்தை அவளுக்கு எந்த இடத்தில் குத்தியிருக்கும் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. நான் பேசியது சுகாதாரம் என்று மனதார நம்பினேன்.

பிறகு கட்டளைகள் வேறு போட்டேன். வேலைத் துணியைத் தினமும் வீட்டுக்குள் எடுத்து வந்து சுத்தம் செய்யவேண்டும். தண்ணீர் இல்லாத நாளில் உதறித் தட்டியாவது மடித்து வைக்கவேண்டும். காலையும் மாலையும் வீட்டைப் பெருக்கவேண்டும். வரிசையில் எல்லோருக்கும் இதேதான்.

எஸ்தர் நான் சொன்னதை அப்படியே செய்தாள். சொன்னதற்கு மேலும் செய்தாள். நல்ல தண்ணீர்க் கிணறு அரை மைல் தள்ளி இருந்தது, தினமும் துவைக்கத் தண்ணீர் கிடையாது. அதனால் சாயங்காலம் சாலமன் வந்து சட்டையைக் கழற்றியதும், வீட்டுக்குள் நின்று அதை உதறுவாள். பிறகு சுவரில் அடித்து அடித்துத் தட்டுவாள். தரையில் விழுந்ததைத் துடைப்பத்தால் மூலை முடுக்கெல்லாம் பெருக்குவாள். ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவின் சட்டை நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். நானே ஒருநாள் என் கண்ணால் பார்த்தேன். மேற்கு வெயில் கதவு வழியாக உள்ளே விழுந்து, அந்தத் தூசி பொன்னாக மின்னியது. "பாரு, எஸ்தரைப் பார்த்துக் கத்துக்கங்க" என்று அடுத்த வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். எஸ்தருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

அடுத்த சில மாதங்களில் எஸ்தருக்கு வயிற்றில் இருந்த குழந்தை ஏழாம் மாதத்தில் தவறிப்போனது. ஸ்டெல்லாவுக்கு வலி அதிகமானது. ஓடியாடிக்கொண்டிருந்தவள் தடுக்கி விழ ஆரம்பித்தாள். எல்லாவற்றையும்விட எஸ்தரைக் கலங்கவைத்தது வேறொன்று.

"பேசிக்கினு இருந்த புள்ள பேச மாட்டேன்றா நர்சம்மா. காக்கா, நாய், பாட்டு அல்லாம் சொல்லுவா. இப்போ ஒண்ணொண்ணா மறந்துகினே வரா."

நான் பூச்சி மருந்தை மறுபடி கொடுத்தேன்.

ஒருநாள் காலை எட்டு மணி இருக்கும். எஸ்தரின் பக்கத்து வீட்டுக்காரி கன்னியம்மா மூச்சிரைக்கத் துணை நிலையத்துக்கு ஓடி வந்தாள். "நர்சம்மா, ஸ்டெல்லாவுக்கு இஸ்துகினு போவுது!" நான் ஓடினேன். குழந்தைக்கு வலிப்பு. கண் மேலே செருகி, கை கால் வெட்டிக்கொண்டிருந்தது. எஸ்தர் மறுபடி நாலு மாத கர்ப்பிணி. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடியிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மந்திரிக்க வேண்டும் என்றார் ஒருவர். இரும்பைக் கையில் கொடு என்றார் இன்னொருவர். ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்துவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் வெட்டு நின்றது. ஆனால் குழந்தை கண் திறக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த மாதிரி நேரத்தில் உங்கள் மனசு உங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். காய்ச்சல் வலிப்பு என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. ஜில்லென்று இருந்தது. எனக்குத் தெரிந்த எதுவும் இது இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் டாக்டர் அன்றைக்கு முகாமுக்குப் போயிருந்தார். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். கால்மணி நேரத்தில் மெட்ராஸ் பாசஞ்சர் இருந்தது. "எஸ்தர், கிளம்பு. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி" என்றேன்.

"அவரு கம்பெனியில கீறாரே."

"கன்னியம்மா போய்ச் சொல்லட்டும். நீ தூக்கு."

இந்தக் கதை முழுவதிலும் நான் சரியாக எடுத்த முடிவு அந்த ஒன்றுதான்.

ரயிலில் இன்னொரு தடவை வலிப்பு வந்தது. எதிர் இருக்கையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து, குழந்தையைப் படுக்கவைக்க இடம் விட்டு, சென்ட்ரல் வரை நின்றுகொண்டே வந்தாள். எஸ்தர் வழி நெடுகக் குழந்தையின் காதில் "கண்ணு தொறடி, அம்மாவப் பாருடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

குழந்தைகள் வார்டில் இருந்தது ஒரு பையன் டாக்டர். படிப்பு முடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. மூக்குக்கண்ணாடி சரிந்து சரிந்து விழும், விரலால் தள்ளிவிட்டுக்கொள்வார். முதலில் வலிப்பை நிறுத்த ஊசி போட்டார். பிறகு வரிசையாகக் கேள்விகள். எப்போதிலிருந்து வயிற்று வலி, மண் தின்னுமா, பேச்சு எப்போது குறைந்தது. எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். நான் நர்ஸ் இல்லையா?

"அப்பா என்ன வேலை?"

"ஈயக் கம்பெனி டாக்டர்."

அவர் எழுதிக்கொண்டே நிமிராமல் கேட்டார். "எந்த ஈயம்?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "ஈயம்தான் டாக்டர். பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அது."

அதுவரை வாயே திறக்காமல் நின்ற எஸ்தர் தலையை ஆட்டினாள். "இல்லைங்க ஐயா. பாத்திரத்து ஈயம் வெள்ளையா இருக்கும். இது கருப்பு. பழைய லாரி பேட்டரி கீதே, அத்த ஒடச்சு உள்ள கீற தகட்ட எடுத்து உருக்கி ஊத்துவாங்க. அல்லாரும் ஈயம்னு தான் சொல்லுவாங்க."

அந்தப் பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காரீயம்! ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் அம்மாவின் சாத்தமுதுச் சொம்பும் இருந்தது, இந்தக் குழந்தையைத் தின்றுகொண்டிருந்த விஷமும் இருந்தது. இரண்டு வருஷமாக நான் வாரந்தோறும் போய்வந்த தெரு. கேட்க வேண்டிய இரண்டே சொல் எனக்கு வாயில் வரவில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவர், அந்தத் தெருவையே பார்க்காதவர், எழுதிக்கொண்டே கேட்டுவிட்டார்.

முழங்கால் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு வளரும் முனையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. என்னை விளக்கு வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு அதைக் காட்டினார். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை. ரத்தத்திலிருக்கும் காரீயத்தைச் சிறுநீரோடு வெளியே இழுத்துக்கொண்டு போகிற ஊசி உண்டு, பல நாள் போடவேண்டும், உயிர் தப்பும் என்றுதான் நினைக்கிறேன் என்றார். 'நினைக்கிறேன்' என்று அவர் சொன்னதை நான் எஸ்தரிடம் சொல்லவில்லை.

"பட்டறையில வேலை செய்றது அப்பா. குழந்தைக்கு எப்படி இவ்வளவு போச்சு? வீட்டை எப்படி வச்சிருக்கீங்க?" என்று அவர் எஸ்தரைக் கேட்டார்.

எஸ்தர் நிமிர்ந்து நின்றாள். "சுத்தமா வச்சிகினு இருக்கேன் ஐயா. தெனம் அவரு துணிய ஊட்டுக்குள்ள வச்சு ஒதறித் தட்டி மடிச்சு வைப்பேன். ரெண்டு வேளையும் பெருக்குவேன். எங்க நர்சம்மாவையே கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. எஸ்தர் மட்டும் நான் சாட்சி சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாம் டாக்டர்" என்று முனகிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கோழைத்தனம்தான். வேறு என்ன பெயர் சொல்ல?

சாயங்காலம் சாலமன் வந்து சேர்ந்தார். வேலை முடியும்வரை அவரை விடவில்லையாம், பட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். தலை, புருவம், சட்டை எல்லாம் சாம்பல் பூத்திருந்தது. "யம்மா ஸ்டெல்லா" என்று கட்டிலை நோக்கிக் கையை நீட்டினார். "தொடாதீங்க!" என்று டாக்டர் கத்திவிட்டார். சாலமன் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். தான் பெற்ற பிள்ளையைத் தொடக்கூடாது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. இப்படி விரட்டப்பட்டது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகவும் இருந்திருக்காது. டாக்டர் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "உங்களை இல்லைங்க, உங்க மேல இருக்கிற தூசியைச் சொன்னேன். தலையோட குளிச்சிட்டு வாங்க. அப்புறம் மடியில வச்சுக்கங்க" என்று சொல்லி, வார்டில் இருந்த ஒரு வேட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். சாலமன் வளாகத்துக் குழாயடியில் உட்கார்ந்து தலையைத் தேய் தேய் என்று தேய்த்துக் குளித்தார். ஈரம் சொட்டச் சொட்ட வந்து மகளைத் தூக்கிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தொடாதே என்று சொல்வதிலும் எத்தனை வகை இருக்கிறது! காரணத்தைச் சொல்லி, மாற்று வேட்டியையும் கையில் கொடுத்துச் சொல்கிற அந்த வகையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாலு நாள் கழித்து விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். ஸ்டெல்லா கண் விழித்திருந்தாள். கொஞ்சம் பால் குடித்தாள். அவள் தூங்கியதும் எஸ்தரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வாங்கிப்போன பன்னைக் கையில் கொடுத்தேன். ரயிலில் வரும்போதே நூறு தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"எஸ்தர், துணியை வேலியில இருந்து உள்ளே எடுத்துட்டு வரச் சொன்னது நான்தான். உதறச் சொன்னதும் நான்தான். நீ முன்னாடி வச்சிருந்த மாதிரி வெளியிலேயே வச்சிருந்தா குழந்தைக்கு இவ்வளவு ஏறியிருக்காது. அந்தத் தூசிதான் விஷம். தப்பு என்னோடது."

அவள் பன்னைப் பிட்டுப் பிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சா சொன்னீங்க?"

"தெரியாமத்தான் சொன்னேன். ஆனா கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். "போன வருசம் ஏழாம் மாசத்துல போச்சே நர்சம்மா. அதுவும் இதனாலயா?"

பெண்களே, இப்படி ஒரு கேள்வி உங்கள் முன்னாலும் ஒருநாள் வந்து நிற்கும். இல்லை என்று சொல்லி அவளை ஆற்றிவிடலாம். ஆமாம் என்று சொல்லி என் பாவத்தை முழுக்கக் கொட்டி என்னை ஆற்றிக்கொள்ளலாம். இரண்டுமே எனக்கு அப்போது சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

"தெரியாது எஸ்தர். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு நிஜமாவே தெரியாது."

அவள் அழுதாள். நானும் அழுதேன். நர்ஸ் அழக்கூடாது என்று எனக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். எல்லாம் கேட்க நன்றாக இருக்கும். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் ஒன்று சொன்னாள்.

"செய்யினு மட்டும் சொல்லாதீங்க நர்சம்மா. இன்னாத்துக்குனும் சொல்லுங்க. இன்னாத்துக்குக் கேக்குறீங்கனு தெரிஞ்சிருந்தா, அது கருப்பு ஈயம்னு நானே சொல்லியிருப்பேனே. எனுக்குத் தெரிஞ்ச சங்கதி தானே அது."

முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தேன். எத்தனையோ பயிற்சிக்குப் போனேன். இதைவிடப் பெரிய பாடம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஸ்டெல்லா என்ன ஆனாள் என்று தெரியாமல் நீங்கள் மேலே படிக்க மாட்டீர்கள். எனவே சொல்லிவிடுகிறேன். பிழைத்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்குமேல் ஆஸ்பத்திரியில் இருந்தாள். போன வார்த்தைகள் மெல்ல மெல்லத் திரும்பின, எல்லாம் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு அவளுக்கு வரவே இல்லை. நிதானமாகத்தான் பேசுவாள், கேட்பவருக்குப் பொறுமை வேண்டும். எஸ்தர் வயிற்றில் இருந்தது ஆண் குழந்தை. நான்தான் பிரசவம் பார்த்தேன். பிறந்த உடனே ஊரைக் கூட்டினான். சாலமன் பட்டறையை விட்டுவிட்டு ரயில் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கப் போய்விட்டார்.

ஆனால் மற்ற ஏழு வீட்டு ஆண்கள் பட்டறையை விடவில்லை. விட்டால் அடுப்பு எரியாது. எங்கள் டாக்டர் மேலே கடிதம் எழுதினார். பதில் வருவதற்குள் இன்னொரு குழந்தை விழுந்துவிடும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். பட்டறைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டதில், ஆட்கள் குளிக்க ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும் கட்டித் தர ஒப்புக்கொண்டார். இனி அங்கேயே குளித்து, வேலைத் துணியை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். வீட்டில் உதறக்கூடாது. பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இதை யார் போய்ச் சொல்வது? உதறச் சொன்னவள்தான் சொல்லவேண்டும்.

தொட்டி கட்டி முடியட்டும் என்று ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டுவிட்டு, எஸ்தர் வீடு திரும்பிய மறுவாரம், ஒரு பிற்பகலில் கிளம்பினேன். மேலிடத்திலிருந்து புது உத்தரவு வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று மனசு வழி தேடிக்கொண்டிருந்தது. நான் வருவது தெரிந்து தெருமுனையில் எஸ்தர் காத்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்கூடவே நடந்து வந்தாள். அந்தக் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலிடம் கீழிடம் என்று பேச எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நான் சொன்னது தப்பு" என்றே ஆரம்பித்தேன். முதலில் போன ஆறு வீட்டிலும் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். எஸ்தரின் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவிடம் கடைசியாகத்தான் போனேன். அவளுக்கு மூன்று குழந்தைகள். மூன்றும் வெளுத்துப்போய்க் கதவோரம் நின்று என்னைப் பார்த்தன.

"அன்னிக்கு ஒதறுன்னீங்க, இன்னிக்கு ஒதறாதேன்றீங்க," என்றாள் கன்னியம்மா. "எங்களுக்குச் சுத்தம் தெரியாதுன்னு தெருவே கேக்கக் கத்துனீங்க. இப்போ எங்க புள்ளைங்களுக்கு இன்னா பதில் சொல்லப் போறீங்க?"

மூன்று பேருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஏதோ சொன்னேன்.

எஸ்தர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "கத்துறதுக்கு வந்தவங்க அல்லாம் நம்ம வாசல்ல நின்னு கத்திட்டுப் போனவங்க தான்க்கா. தப்பு சொல்லிட்டேன்னு சொல்றதுக்குத் திரும்பி வந்தது யாரு, சொல்லு பாப்போம்? பாய எடுத்துப் போடு. இன்னாத்துக்கு ஒதறக் கூடாதுன்னு அவங்க ஒக்காந்து சொல்லட்டும்."

கன்னியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாயை எடுத்து வந்தாள். வழக்கம்போல அதை உதறுவதற்காகக் கையை உயர்த்தியவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள். குடத்திலிருந்து தண்ணீரை எடுத்து ஒரு துணியை நனைத்துப் பிழிந்தாள். பாயை நிதானமாக, ஓரம் விடாமல் துடைத்து என் முன்னால் விரித்தாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.